உள்ளே விடும் பாலம்

பஞ்சர் கடைக்காரர்கள் எல்லாரும் டயருக்குக் காற்று அடித்துப் பிழைப்பார்கள். என் மாமியார் காற்றைப் பிடுங்கிப் பிழைத்தவர். எங்கள் கடையும் வீடும் ஒன்றுதான்; கொஞ்சம் தள்ளி ஒரு ரயில் பாலம். அதன் அடியில் போகும் சாலையில் லாரிகள் தலையைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும். மாட்டிய வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அப்போது என் மாமியார் போய் ஒவ்வொரு டயரிலிருந்தும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். வண்டி நாலு விரல் தாழும். பிறகு மெல்லப் பின்னால் எடுத்துவிடலாம். அதனால் தெருவில் அவருக்குக் 'காத்தக்கா' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்வார்.

நல்ல கனத்த உடம்பு. வாயும் அதற்குக் குறைந்ததில்லை. நான் மருமகளாக வந்த அன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காத்து இல்லாத டியூப் மாதிரி இருக்கா, நல்லா சாப்பிடச் சொல்லு" என்று தன் மகனிடம் சொன்னார். நான் தையல்காரி. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவேன். அவர் அளவை மனதுக்குள் எடுத்துப் பார்த்து, துணி பத்தாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வந்த புதிதில் ஒரு மதியம் நானும் அவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர், வெளியூர் போயிருந்தார். மாமியார் வாயருகே கொண்டுபோன கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். எழுந்தார். கையைக் கழுவினார். ஆணியில் தொங்கிய காற்றிறக்கும் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உப்பு கூடிப்போச்சா அத்தை?" என்று கேட்டேன்.

அவர் வாசலைத் தாண்டிச் சாலையில் கால் வைத்தார். அதன் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. இடி என்றால் மேலேயே உருண்டு போய்விடும். இது தரைக்குள் இறங்கி, சுவர் வழியாக ஏறி, அலமாரியில் இருந்த டம்ளர்களை ஒன்றோடொன்று உரசவிட்டு அடங்கியது. கையில் சோற்றோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாலத்தடியில் ஒரு லாரி மாட்டியிருந்தது. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடியபோது என் மாமியார் முதல் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

அன்று சாயங்காலம் கேட்டேன். "சத்தம் வர்றதுக்கு முன்னாடியே எழுந்துட்டீங்களே, எப்படித் தெரிஞ்சுது?"

"கூப்பிடுது. போறேன்."

"யாரு கூப்பிடுறாங்க?"

"அது தெரிஞ்சா, கூப்பிடாதேன்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. அதற்குப் பிறகும் பல முறை பார்த்துவிட்டேன். டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பார், தலை வாரிக்கொண்டிருப்பார், யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். பாதியில் நிறுத்தி எழுந்துவிடுவார். கண் எங்கோ இருக்கும். சில சமயம் எழுந்து வாசல்வரை போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்து உட்காருவார். பல சமயம் சத்தம் வரும். அவர் எழுந்தாலே என் தையல் மெஷினில் கால் தானாக நின்றுவிடும்.

மாட்டிய டிரைவர்கள் எங்கள் கடையில்தான் வந்து உட்காருவார்கள். கடையில் ஒரு பழைய காரின் பின் சீட்டைப் போட்டு வைத்திருந்தோம். அதற்கு மேலே கம்பியில் டியூப்கள் தொங்கும். ஆள் தண்ணீரை வாங்கிக் குடித்து, முகத்தைத் துடைத்துவிட்டு, பேச ஆரம்பிப்பார். ஒருவர் செல்போன் காட்டிய வழியில் வந்தேன் என்பார். அது காருக்குப் பார்த்து வைத்த வழி, லாரிக்குத் தலை இருப்பது அதற்கு எங்கே தெரியும்? ஒருவர் முன்னால் போன வண்டி போயிற்று, நானும் போனேன் என்பார். ஒருவர் கண்ணில் வெயில் என்பார். தூங்கினேன் என்று மட்டும் எவரும் சொன்னதில்லை.

என் மாமியார் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பார். "உங்க வண்டி உயரம் என்ன?" எடை கேட்டால் சொல்வார்கள். எத்தனை லிட்டருக்கு எத்தனை தூரம் ஓடும் என்று சொல்வார்கள். கேட்காமலே மச்சினன் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்வார்கள். உயரம் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நேற்று ஒரு வண்டி, இன்று ஒரு வண்டி. முதலாளி எந்தச் சாவியைக் கொடுக்கிறாரோ அதுதான் அன்றைய வண்டி.

பாலத்தில் உயரம் எழுதிய பலகை இல்லாமல் இல்லை. யாரோ புண்ணியவான் எந்தக் காலத்திலோ எழுதியது. அதற்குப் பிறகு சாலைக்கு எத்தனையோ தடவை தார் போட்டாயிற்று. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசைக் கொட்டிவிட்டுப் போவார்கள். சாலை வளர்ந்துகொண்டே வந்தது. பாலம் இருந்த இடத்திலேயே இருந்தது. பலகையில் எண்ணும் மாறவில்லை. இந்த அநியாயத்தைப் பார்த்து என் மாமியார் நகராட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்து கத்தி, கடைசியில் ஒரு இஞ்சினியரைக் கையோடு அழைத்து வந்தார். நல்ல மனுஷர். அன்றே உயரத்தை அளந்தார். சாலைக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் நிறுத்தி, அதிலிருந்து வரிசையாகச் சங்கிலி தொங்கவிடலாம் என்றார். பாலத்தின் உயரத்துக்குச் சரியாகத் தொங்கும். உயரமான வண்டி வந்தால் முதலில் சங்கிலி கூரையில் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் தூங்குகிறவனும் பிரேக்கை மிதிப்பான்.

"ரெண்டு பக்கமும் போடணுமா, ஒரு பக்கம் போதுமா?" என்று அவர் கேட்டார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் குடோன்கள்; அதோடு சாலை முடிந்துவிடும். லாரி ஊர்ப்பக்கமாகத்தான் உள்ளே போயாக வேண்டும், அதே வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். குடோனுக்குப் பின்னால் லெவல் கிராசிங் வழியாக ஒரு சுற்றுப் பாதை உண்டு, ஆனால் அதில் போக யாருக்கும் பொறுமை கிடையாது.

"இந்தப் பக்கம் மட்டும் போடுங்க சார், போதும்" என்றார் என் மாமியார். "உள்ள போனதுதானே வெளிய வரப்போகுது? அங்க வேற எதுக்கு வீண் செலவு?"

நியாயம்தானே. இஞ்சினியர் தலையாட்டினார். டீக்கடைக்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஊருக்குள் இருந்த அத்தனை தலையும் அன்று ஆடியது.

சங்கிலி வந்த பிறகு ஊர்ப்பக்கம் ஒரு லாரிகூட மாட்டவில்லை. கொஞ்ச நாள் நிம்மதி. அப்புறம் ஒரு சாயங்காலம் மாமியார் எழுந்தார். சத்தம் வந்தது. வண்டி குடோனிலிருந்து திரும்பிவரும்போது மாட்டியிருந்தது. அதே வண்டி அன்று காலை சங்கிலிக்கு அடியில் உரசாமல் உள்ளே போனதை நானே பார்த்திருந்தேன். அந்த டிரைவர் கார் சீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "காலைல இதே வழியாத்தாங்க போனேன். பாலம் இறங்கிடுச்சுங்க."

அடுத்து மாட்டியவரும் அதையே சொன்னார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். ஒருத்தர் சொன்னால் புளுகு. முகம் தெரியாத பலரும் வந்து உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னால் கேட்கிறவர் நம்பாமல் என்ன செய்வார்? உள்ளே விடும், வெளியே விடாது என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. பாலம் கட்டும்போது ஒரு கூலியாள் செத்தான் என்று டீக்கடைக்காரர் ஆரம்பித்தார். பிறகு வாரத்துக்கு ஒரு பிணம் சேர்த்துக்கொண்டே போனார். இருட்டுவதற்குள் கடையைப் பூட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடியதும் அவர்தான்.

ஆனால் அந்த வாக்கியத்தை என் மாமியார் இந்த டிரைவர்களிடம் முதன்முதலாகக் கேட்கவில்லை. சங்கிலி வருவதற்கெல்லாம் வெகுகாலம் முன்னால், தன் புருஷன் வாயால் கேட்டிருந்தார்.

என் மாமனார் பெட்டி லாரி ஓட்டியவர். நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம் குடோனில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாலத்தில் இடித்தார். பெட்டியின் கூரை டப்பா மூடி மாதிரிச் சுருண்டுபோயிற்று. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. குடித்துவிட்டு ஓட்டினான் என்று கம்பெனியில் சொன்னார்கள். "போகும்போது இதே வழியாத்தான் போனேன், பாலம் இறங்கிடுச்சு" என்று அவர் நடுரோட்டில் நின்று சொன்னபோது தெருவே சிரித்தது. பாலம் இறங்குமா? குடித்தவனுக்குத்தான் இறங்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் மாமியார் அவர் முன்னால் போய் நின்று, முகத்தை நீட்டி, "ஊதுங்க" என்றார்.

அவர் ஊதினார்.

"டீ வாசனைதான்டி வந்துச்சு" என்று மாமியார் என்னிடம் ஒருமுறை சொன்னார். கரண்ட் போன ஒரு சாயங்காலம், முகம் தெரியாத இருட்டில்தான் அவரால் சொல்ல முடிந்தது. "எதையோ தின்னு வாசனையை மறைச்சிட்டாருன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் அந்த மனுஷன் என்கிட்ட நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசல. குடிச்சாரா, குடிக்கலையா? அது தெரியாமலே அவரோட குடும்பம் நடத்தி, தெரியாமலே அனுப்பியும் வச்சேன்."

அவருக்கு யாரும் மறுபடி வண்டி கொடுக்கவில்லை. வீட்டு ஜன்னலோரம் ஒரு மரநாற்காலியைப் பாலத்தைப் பார்க்கப் போட்டு, சாகும்வரை அதில் உட்கார்ந்திருந்தார். நான் வந்தபோதும் அந்த நாற்காலி அப்படியேதான் கிடந்தது. துடைக்கும்போது நகர்த்தினால் மாமியார் மறுபடி பாலத்தைப் பார்க்கத் திருப்பி வைப்பார். யாரும் அதில் உட்காரக்கூடாது.

மகன் டிரைவர் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது மாமியார் ஒரே ஒரு சத்தியம் வாங்கினார். என்ன ஆனாலும் இந்தப் பாலத்தடியில் வண்டி ஓட்டக்கூடாது. குடோனுக்குச் சரக்கு வந்தால் லெவல் கிராசிங் சுற்றித்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரரும் சத்தியத்தைக் காப்பாற்றி வந்தார். டீசல் செலவைப் பார்த்து முதலாளி முறைத்தாலும் சுற்றியே போனார்.

அன்று லெவல் கிராசிங்கில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. மதியம் நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு முன்னால் ஒரு பெட்டி லாரி மெல்லப் போயிற்று. ஓட்டியவர் கழுத்தில் கட்டை வைத்துக் கட்டியது மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர்.

"பாத்தியாடி?" என்றார் மாமியார். "சொந்தக் கடையைத் திரும்பிக்கூடப் பாக்காம போறான்."

வண்டி நிறையக் காகித உருளைகள். டயர்கள் பிதுங்கி, உடம்பு அமுங்கி, வயிறு நிறையச் சாப்பிட்ட ஆள் மாதிரி ஊர்ந்து போயிற்று. மாமியார் சாலையின் நடுவுக்கே போய்ப் பார்த்தார். சங்கிலிகள் அசையவில்லை. வண்டி பாலத்தடிக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் வெளிச்சத்தில் சின்னதாகத் தெரிந்து மறைந்தது.

"போயிட்டாரு அத்தை, ஒண்ணும் ஆகல" என்றேன்.

"உங்க மாமாவும் போனாருல்ல" என்றார்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். சரக்கு இறக்கும்போது போனை வண்டியிலேயே போட்டுவிட்டு இறங்கிவிடுவார். போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். "என்னன்னு சொல்லுவே? பாலம் இறங்கும்னா?" என்றார். உள்ளே போனது வெளியே வராமல் இருக்க ஒரு காரணம்கூட எனக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாததால்தான் பயம் தாங்க முடியவில்லை.

அவரைத் தனியாக விட மனமில்லாமல் மெஷினை மூடிவிட்டு, கார் சீட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கனத்துக்குச் சீட்டு முழுதும் அமுங்கி, நானும் அவர் பக்கமாகச் சரிந்தேன். காற்றே இல்லாத நாள். புதுசாகப் போட்ட தார் வெயிலில் மின்னியது. ரயில் ஒன்று மேலே போனது. வெயில் சாய்ந்து, எங்கள் கடை நிழல் நீண்டு பாலத்தின் வாய்க்குள் போய்விட்டது.

மாமியார் எழுந்தார்.

அவர் எழுந்ததும் சீட்டு என்னைத் தூக்கிவிட்டது. மேலே தொங்கிய டியூப் என் உச்சந்தலையில் இடித்தது.

நான் டியூபைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே இருந்தேன். இவ்வளவு நேரமும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டியூப் இறங்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பாரம் எழுந்துபோயிற்று, அவ்வளவுதான்.

"ஏன் அத்தை எழுந்தீங்க?"

"கூப்பிடுது" என்றார். முகம் வெளுத்திருந்தது.

காதைக் கொடுத்துக் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வெகு தூரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கலகலவென்று ஒரு சத்தம். சரக்கு இல்லாத பெட்டி லாரியின் பின்கதவும் தாழ்ப்பாளும் குலுங்கி அடித்துக்கொள்ளும் சத்தம். நிறைந்த வண்டியில் அது வராது. என் மாமியாரின் காது இத்தனை காலமும் அதைத்தான் கேட்டு எழுந்திருக்கிறது. கேட்டது அவருக்கே தெரியாது.

"அத்தை, அது காலி வண்டி!" என்று கத்தினேன். "சரக்கு இருந்தா வண்டி அமுங்கியிருக்கும். இறக்கிட்டா வண்டி எழுந்துடும். இப்ப நீங்க எழுந்ததும் நான் எழுந்தேன் பாருங்க, அது மாதிரி! பாலம் இறங்கல அத்தை, வண்டி ஏறுது!"

அவர் என்னைப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டார். எத்தனையோ வண்டியை நாலு விரல் இறக்கி எடுத்த கை அது. அந்த நாலு விரல் எங்கிருந்து ஏறியது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"ஓடுடி!" என்றார்.

நீளமான சரக்கின் வாலில் கட்டுவதற்குக் கடையில் சிவப்புத் துணி வைத்திருப்போம். அதை உருவிக்கொண்டு ஓடினேன். மாமியார் பின்னால் வந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவரால் எவ்வளவு ஓட முடியும்? கொஞ்ச தூரத்தில் அவருடைய செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கிலிகளுக்கு அடியில் புகுந்து பாலத்தின் இருட்டுக்குள் ஓடினேன்.

அதற்குள் நான் நடந்துபோனதே இல்லை. உள்ளே ஜில்லென்று இருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. என் காலடிச் சத்தம் எனக்கு முன்னாலும் ஓடியது, பின்னாலும் ஓடி வந்தது. தலைக்கு மேலே இரும்பில் வரி வரியாகக் கீறல்கள். நீலம், மஞ்சள், பச்சை. ஒவ்வொன்றும் ஒரு லாரி விட்டுவிட்டுப் போன பெயிண்ட். அவற்றில் ஒன்று என் மாமனாருடையது. பாலம் இறங்காது என்று இப்போதுதான் கண்டுபிடித்தவள் நான். இருந்தாலும் ஓடும்போது குனிந்துகொண்டேதான் ஓடினேன்.

அந்தப் பக்கம் வெளியே வந்து துணியை வீசினேன். லாரி வந்துகொண்டிருந்தது. கண்ணாடி முழுக்கச் சாயங்கால வெயில் தகதகத்தது. உள்ளே இருப்பவருக்கு எதிரே வெயில், அதற்குக் கீழே பாலத்தின் கறுத்த வாய். அந்தக் கறுப்புக்கு முன்னால் நிற்கும் என்னைத் தெரிய வழியே இல்லை. கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வண்டி வேகம் குறையவில்லை. வீட்டுக்குப் போகிற வண்டி, எதற்குக் குறையும்?

அப்போது எனக்குப் பின்னால் சங்கிலிகள் அடித்தன.

ஒன்றிரண்டு இல்லை. ஏதோ ஒரு பெரிய வண்டி அவற்றுக்குள் முழுதாகப் புகுந்தது மாதிரி அத்தனை சங்கிலியும் சேர்ந்து அடித்தன. பாலத்தின் வயிறு அந்தச் சத்தத்தை வாங்கிப் பெருக்கி வெளியே துப்பியது. பிரேக் அலறியது. ரப்பர் நாற்றம் வந்தது. லாரி என் முகத்துக்கு முன்னால் வந்து குலுங்கி நின்றது. நான் சாலையோரச் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் குதித்து இறங்கினார். "உனக்குப் பைத்தியமா?" என்றார். பிறகு, "யாரு சங்கிலியை அடிச்சது? என் வண்டி மேலயே பட்ட மாதிரி கேட்டுச்சு" என்றார். குடோன் பக்கம்தான் சங்கிலியே கிடையாதே என்பது அப்போது அவருக்கும் உறைத்தது.

"அத்தைதான் அடிச்சிருப்பாங்க" என்றேன்.

ஓரத்தில் கிடந்த ஒரு மூங்கிலை எடுத்து, பாலத்தின் இரும்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, அந்த உயரத்தில் சிவப்புத் துணியைக் கட்டி, அதே மூங்கிலை லாரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். துணியைவிட லாரி நாலு விரல் உயரம். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "மதியம் இதே வழியாத்தானே போனேன்" என்று முணுமுணுத்தார். அவர் அப்பா சொன்ன அதே வாக்கியம்.

வண்டியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு இருவரும் பாலத்தடியில் நடந்து வந்தோம். சங்கிலிச் சட்டத்தின் அடியில் மாமியார் நிற்பார் என்று பார்த்தேன். இல்லை. அவர் வெகு தள்ளி, எங்கள் கடையிலிருந்து நாலெட்டிலேயே, சாலையிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துல சங்கிலியை அடிச்சீங்க அத்தை" என்றேன்.

"நான் எங்கடி அடிச்சேன்? இங்கயே விழுந்துட்டேன். அங்க யாருமே இல்லையே" என்றார்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. சங்கிலிகள் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவை நிற்கும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் வீட்டுக்காரர் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினார். "சத்தியத்தை மீறிட்டேம்மா. கிராசிங்கைத் தோண்டிட்டாங்க. போகும்போது இடிக்கல, அதான் வரும்போதும்..." என்று ஆரம்பித்தார். மாமியார் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வாய் கோணியது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"உங்க அப்பா குடிக்கலடா" என்றார். "டேய், உங்க அப்பா குடிக்கவே இல்லடா."

அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தெருவில் கூடியவர்களிடம் சொன்னார். டீக்கடைக்காரரின் சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். அன்று சிரித்த கூட்டத்தில் அவரும் இருந்தவர், தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளே அந்த இஞ்சினியரைக் கூட்டிவந்து கார் சீட்டில் உட்காரவைத்தோம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டென்று எழுந்து காட்டினார். டியூப் இஞ்சினியர் தலையிலும் இடித்தது. அவர் தலையைத் தேய்த்துக்கொண்டே சிரித்துவிட்டு, "ஒரு பக்கம் போதும்னு நானும்தானே தலையாட்டினேன்" என்றார். அந்தப் பக்கமும் சங்கிலி வந்தது. புதுத் தாரிலிருந்து அளந்து பலகையில் எண்ணை மாற்றி எழுதினார்கள். குடோன் காவல்காரர் வெளியே போகும் ஒவ்வொரு வண்டியிடமும் "காலியா? உயரம் பாத்துப் போ" என்று சொல்ல ஆரம்பித்தார். என் மாமியார் பஞ்சர் ஒட்ட வரும் ஒவ்வொரு லாரியையும் காலியாக இருக்கும்போது மூங்கிலால் அளப்பார். நான் அந்த உயரத்தை ஸ்டியரிங்குக்கு நேர் மேலே, டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி பெயிண்டில் எழுதுவேன். தையல்காரிக்கு அளவு எழுதத் தெரியாதா? வேண்டாம் என்று சொன்ன டிரைவர்களுக்கு மாமியாரின் வாயே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு பாலத்தில் வண்டி மாட்டவில்லை. காற்றிறக்கும் சாவி ஆணியிலேயே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. காலி வண்டியின் கலகலப்புக்கு மாமியார் இப்போது எழுவதில்லை. சங்கிலி பார்த்துக்கொள்ளும் என்று தலையைக்கூடத் தூக்காமல் ஒட்டுப் போடுவார்.

ஆனால் அந்தப் பக்கச் சங்கிலி வந்த அன்று சாயங்காலம், வெயில் சாய்கிற அதே நேரத்தில், அது அடித்தது. மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஏதோ ஒரு வண்டி நிதானமாக அடியில் புகுந்து வருவது மாதிரி. பிறகு எங்கள் பக்கச் சங்கிலியும் அடித்தது. காற்று இல்லை. சாலையில் வண்டியும் இல்லை. நான் மெஷினை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

மாமியார் எழுந்து கையைக் கழுவினார். சாவியை எடுக்கவில்லை. வாசலில் போய் நின்று, முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றார். அப்போது ஒரு டீ வாசனை வந்தது. டீக்கடை அன்று திறக்கவே இல்லை.

"வந்துட்டீங்களா?" என்றார். "உள்ள வாங்க."

உள்ளே வந்து, அத்தனை காலமும் பாலத்தைப் பார்த்துக் கிடந்த நாற்காலியைத் தூக்கி, வீட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். அதன் எதிரே உட்கார்ந்து, இருட்டும்வரை ஏதேதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அடுப்பைப் பற்றவைத்து இரண்டு டம்ளர் டீ போட்டேன்.